எழுதாமல் விட்ட வீட்டு இலக்கம்

என் மருமகன் ஒரு கையால்தான் சண்டை பிடித்தார். மற்றக் கையில் ஒரு தபால் உறை இருந்தது. அதில் குழம்பு தெறித்துவிடக் கூடாதென்று கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அதனால்தான் என் தம்பியின் குத்தை அவரால் தடுக்க முடியவில்லை. உதடு கிழிந்து, இரத்தம் நாடியால் வழிந்து சேட்டுக் கொலரில் விழுந்தது. உறையில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை.

உறை அமெரிக்கத் தேர்தலுக்கானது. சண்டை நடந்தது லண்டனில், சட்டனில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம்.

மருமகன் ஆறு வயதில் தாய் தகப்பனோடு அமெரிக்கா போனவர். ஏரிகளும் பனியும் நிறைந்த ஒரு மாநிலத்தில் வளர்ந்தார். அதன் பெயர் இன்னும் என் வாயில் சரியாக வராது. என் மகளைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. தாய் தகப்பனும் அங்கே இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். ஆனாலும் அவருக்கு அங்கே வாக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கடைசியாக அமெரிக்காவில் எந்த விலாசத்தில் இருந்தார்களோ அந்த விலாசத்தின் பேரில் வாக்குப் போடலாமாம். விற்ற வீட்டின் இலக்கத்தை அவர் எவ்வளவு ஆசையோடு எழுதுவார் என்று பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் புரட்டாசி தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் தேர்தல்தான். பின்னேரம் ஏழு மணிக்கு வேலையால் வந்து, தேத்தண்ணியோடு சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்து, அமெரிக்காவில் இருக்கிற முன்பின் தெரியாத ஆட்களுக்குப் போன் எடுப்பார். அங்கே அப்போது மத்தியானமாம். அவர் விரும்புகிற ஆளுக்காக இப்படி ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் இல்லாமல் போன் எடுக்கிறார்களாம். தட்டுவதற்குக் கை இரண்டும் வேண்டுமென்று ஸ்பீக்கரில் போடுவார். நான் பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் இங்கிலீஷ் கடைக்குப் போய் வரக் காணும், அவ்வளவுதான். ஆனால் கெட்ட வார்த்தை எந்தப் பாஷையிலும் விளங்கும். பாதிப்பேர் எடுத்த எடுப்பில் போனை வெட்டுவார்கள். சில பேர் நன்றாகக் கதைப்பார்கள். மிச்சப் பேர் ஏசுவார்கள். ஒரு நாள் ஒரு கிழவனின் குரல் முதலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு நாய் குரைக்கிற மாதிரி ஆகியது. "ஷூட்" என்ற சொல் எனக்குத் தெரியும். கத்திரிக்காயை வெட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"நான் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு வந்து சுடுவாராம்," என்று மருமகன் சிரித்தார். "எண்பத்தொரு வயசு மாமி. முதல்லை அந்தாள் கதிரையாலை எழும்பட்டும்."

"வயசு எப்பிடித் தெரியும்?"

"லிஸ்டிலை இருக்கு."

லப்டொப்பை என் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் வயது, வீட்டு இலக்கம், வீதி, போன் நம்பர். கடைசியில், முந்தின ஒவ்வொரு தேர்தலுக்கும் எதிரே, சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். பச்சை இருந்தால் அந்தத் தேர்தலில் அந்த ஆள் வாக்குப் போட்டிருக்கிறார், இல்லையென்றால் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் யாரைப் போய்க் கிளப்ப வேண்டும் என்று முடிவெடுப்பார்களாம்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் என் கணவரின் கையை உடைத்தார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

"ஆருக்குப் போட்டவை எண்டும் இதிலை இருக்கோ?"

"இல்லை மாமி. அது ஒருத்தருக்கும் தெரியாது. போட்டதோ இல்லையோ எண்டு மட்டும்தான்."

"அது காணுமே, அடிக்கிறதுக்கு."

அவர் அதற்கும் சிரித்தார். நான் பகிடி விட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. மருமகனைப் பெயர் சொல்லியோ தம்பி என்றோ கூப்பிட்டதும் இல்லை. முகத்தைப் பார்த்துக் கதைக்கவே எனக்கு நாலைந்து வருடம் எடுத்தது.

இந்த நாட்டில் எனக்கும் வாக்கு இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்துப் பல காலம். தேர்தல் வருகிற போதெல்லாம் மகள் கூப்பிடுவாள். எனக்கு அன்றைக்கு முழங்கால் நோகும்.

அவருடைய வாக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று மருமகன் எனக்கு அவரைக்காய் வைத்து விளங்கப்படுத்தினார். அமெரிக்காவில் சனாதிபதிக்கு நாடு முழுக்க ஒரே குவியலாக எண்ணுவதில்லையாம். மாநிலத்துக்கு ஒரு குவியல். அநேகமாக எல்லா இடத்திலும், ஒரு குவியலில் யாருக்கு ஒரு வாக்குக் கூடினாலும் அந்த மாநிலத்தின் முழுப் பங்கும் அந்த ஆளுக்குத்தான். அநேகக் குவியல் எந்தப் பக்கம் சாயும் என்று முன்பே தெரியும். ஒரு சில மாநிலங்களில்தான் கழுத்தைப் பிடிக்கிற போட்டி. அவருடைய மாநிலம் அதில் ஒன்று.

"இந்த ஒரு காய், மாமி," என்று கடைசி அவரைக்காயைத் தூக்கிக் காட்டினார். "இது நான்."

வாக்குச்சீட்டு வந்ததும் ஒரு சிக்கலும் சேர்ந்து வந்தது. தபாலில் வாக்குப் போடுவதென்றால் அந்த மாநிலத்தில் ஒரு சாட்சி வேண்டும். சீட்டு வெறுமையாக இருக்கிறதைச் சாட்சி பார்க்க வேண்டும். யாருக்குப் போடுகிறார் என்று பார்க்கக் கூடாது. மடித்து உறையில் வைத்து ஒட்டியதும், உறைக்கு வெளியே சாட்சி கையெழுத்து வைத்து, பெயரும் முழு விலாசமும் எழுத வேண்டும். வெளிநாட்டில் போடுகிறவருக்கு எந்த நாட்டுப் பிரசையும் சாட்சியாகலாம். சாட்சியின் விலாசம் சரியில்லாவிட்டால் வாக்கை எண்ணமாட்டார்கள்.

மகள் அந்தக் கிழமை பிள்ளையோடு பாரிசுக்கு, மச்சாளின் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தாள். அவள் வருமட்டும் வைத்திருந்தால் தபால் பிந்திவிடும். என் தம்பி சனிக்கிழமைகளில் அப்டன் பார்க்கில் இருக்கிற தன் கடையிலிருந்து இறைச்சி கொண்டுவருவான். அவனிடம் கையெழுத்து வாங்குவது என்று மருமகன் முடிவெடுத்தார்.

என் தம்பி ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். அமெரிக்காவை ஆகாயத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்து நாள் முழுக்க யூடியூப்பில் அமெரிக்க அரசியல்தான் பார்ப்பான். மருமகன் விரும்புகிற ஆள் அவனுக்கு ஆகாது.

சோறு போட்டேன். தம்பி முதல் பிடியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"சரி, எங்கை அந்தக் கடதாசி? கொண்டு வா. ஆனால் ஆருக்குப் போடுறாய் எண்டு எனக்குக் காட்டவேணும்."

"காட்டக் கூடாது மாமா. அது ரூல்."

"அப்ப என்ரை கையெழுத்து வேணும், என்ரை கண் வேண்டாம். நான் என்ன றப்பர் ஸ்டாம்போ?"

"நீங்கள் பார்த்தால் வோட்டு செல்லாது."

"உன்ரை ஆளுக்குப் போட்டாலே அது செல்லாக்காசுதான்."

இந்த இடத்தில் மருமகன் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் மற்றக் கையால் உறையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"மாமா, உங்களுக்கு அமெரிக்காவிலை வோட்டு இல்லை. ஜெர்மன் பாஸ்போர்ட்டை வைச்சுக்கொண்டு இருக்கிறதாலை இஞ்சத்தைப் பெரிய தேர்தலிலையும் இல்லை. ஜெர்மனிக்கும் போடுறேல்லை. ஒரு இடத்திலையும் வோட்டுப் போடாத ஆளுக்கு ஏன் இவ்வளவு வாய்?"

"வாயோ? ஆரைப் பார்த்தடா வாய் எண்டுறாய்? உன்ரை கொப்பன் அகதி எண்டு அழுது அங்கை உள்ளுக்குப் போனவன். இப்ப நீ எனக்குப் பாஸ்போர்ட் படிப்பிக்கிறியோ?"

"அப்பாவை இழுக்காதேங்கோ."

"இழுப்பன். என்ன செய்வாய்?"

மருமகன் தம்பியின் கொலரைப் பிடித்தார். தம்பி சாப்பாட்டுக் கோப்பையை எறிந்தான். அது மருமகனின் தோளில் பட்டு, சுவரில் மோதி உடைந்தது. குழம்புத் தாச்சியைத் தம்பியின் முழங்கை தட்டியது. சிவப்புக் குழம்பு நிலம் முழுக்க ஓடியது. அப்போதுதான் அந்தக் குத்து விழுந்தது. பல்லில் எலும்பு படுகிற சத்தம் கேட்டது. மருமகன் ஒற்றைக் கையாலேயே தம்பியைத் தள்ள, அவன் குழம்பில் சறுக்கி, பிரிட்ஜ் மூலையில் பின்மண்டை அடிபட விழுந்தான். எழும்பி மறுபடியும் பாய்ந்தான். நான் நடுவில் போய் நின்றேன். என்னால் கத்த முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம் வந்தால் தொண்டை மூடிவிடும். அகப்பையைத்தான் நீட்டிப் பிடித்திருந்தேன். தம்பியின் கை என் கன்னத்தில் பட்டது. எனக்கென்று ஓங்கியதல்ல. ஆனாலும் காதுக்குள் கூவியது.

அதோடு இருவரும் நின்றார்கள். தம்பி தன் பின்மண்டையைத் தடவி, விரலில் இரத்தத்தைப் பார்த்தான்.

"அக்கா, இனி இந்த வாசற்படி மிதியன்."

கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். இறைச்சி கொண்டுவந்த பையைக்கூட எடுக்கவில்லை.

மருமகன் கடதாசித் துவாயை உதட்டில் அழுத்திக்கொண்டு, உறையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமி, நீங்கள் வையுங்கோவன். கூரியர்காரன் நாலு மணிக்குப் பூட்டிப்போடுவான்."

அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படி ஏலாது என்று சொல்வது? நிலத்தில் குழம்பு கிடக்க, மேசையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு இருந்தோம். வெறும் சீட்டை விரித்துக் காட்டினார். தலையாட்டினேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று குறி போட்டார். மடித்தார். உறையில் வைத்து ஒட்டினார். பேனையைத் தந்து, எங்கே எழுத வேண்டும் என்று காட்டினார். உதடு மறுபடி ஒழுகத் தொடங்க, ஐஸ் எடுக்கப் போனார்.

கையெழுத்து வைத்தேன். பெயரை எழுதினேன். வீதியின் பெயர், சட்டன், போஸ்ட்கோட்கூட எழுதினேன். வீட்டு இலக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கிழவனின் குரல் காதில் கேட்டது. இருக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பேன் என்றானே. எங்கள் வீதியில் நூற்றுக்கு மேல் வீடு இருக்கிறது. இலக்கம் இல்லாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? அந்த இடத்தை வெறுமையாக விட்டு, எழுத்துத் தெரியும் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்தேன். மருமகன் வந்து, துவாயும் ஐசுமாக ஒரு கையால் உறையைப் பெரிய உறைக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்.

நான் முழங்காலில் இருந்து நிலத்தைத் துடைத்தேன். மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன்.

மகள் வந்தாள். புருசனின் உதட்டைப் பார்த்து ஏசினாள். மாமாவுக்குப் போன் எடுத்து அவனையும் ஏசினாள். அதன் பிறகு ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒருநாள் தம்பியைக் கண்டேன். எனக்கு மட்டும் தலையாட்டிவிட்டு மற்றப் பக்கத்தால் சுற்றினான். இப்படி இரண்டு கிழமை போயிற்று. ஒரு பின்னேரம், மகள் வேலையில் நிற்க, மருமகன் லப்டொப்பைப் பார்த்தபடி மேசையில் கையால் அடித்தார். கோப்பை துள்ளி விழுந்தது.

அமெரிக்காவிலிருந்து ஈமெயில் வந்திருக்கிறது. சாட்சியின் விலாசம் முழுமையில்லை, சாட்சி ஒரு படிவத்தில் முழு விலாசத்தையும் எழுதித் திரும்பக் கையெழுத்து வைத்து அனுப்பினால் எண்ணுவோம், இல்லாவிட்டால் எண்ணமாட்டோம் என்று. நாலு நாள் இருந்தது.

"மாமி, வீட்டு நம்பரை மறந்துபோட்டியள்."

ஓம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கிழிந்த உதட்டின் காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

"மறக்கேல்லை," என்றேன். "விட்டனான்."

"என்ன?"

"வேணுமெண்டு விட்டனான்."

அவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். அது விழுந்தது. என் முன்னால் குரலை உயர்த்தாத மனிதர் அன்றைக்குக் கத்தினார். "நான் அடி வாங்கினது இதுக்கோ? ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே! பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டிருப்பன். நீங்களும் மாமாவின்ரை பக்கமோ?" சுவரில் குத்தினார். சுவர் மெல்லிய பலகை. உள்ளே குழி விழுந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

வலது கை. அதைக் கண்டதும் என் தொண்டை திறந்தது. எப்படியென்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வயதில் நடந்ததை, மகளுக்கே சொல்லாததை, மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு வாத்தியார் ஊர்ச் சபைத் தேர்தலுக்கு நின்றார். அவருடைய பத்திரம் ஒன்றில் என் கணவர் சாட்சிக் கையெழுத்து வைத்து, பெயரும் வீட்டு இலக்கமும் எழுதினார். ஒரு கிழமையால், காலை பதினொரு மணிக்கு, நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, நாலு பேர் சைக்கிளில் வந்தார்கள். எந்தப் பக்கத்தார் என்று எழுதமாட்டேன். எல்லாப் பக்கத்திலும் துவக்கும் குண்டும் இருந்த காலம் அது. ஒருவன் கையில் தாள். "இதுதானே இருபத்தேழு?" என்று கேட்டான். என் கணவர் ஓம் என்றார்.

முதலில் சைக்கிள் செயினால் அடித்தார்கள். முதுகுச் சட்டை கீலம் கீலமாகப் போயிற்று. அவர் மிளகாய்க்கு மேல் விழுந்தார். கண்ணிலும் காயத்திலும் மிளகாய். பிறகு இரண்டு பேர் அவரை இழுத்துக்கொண்டு போய், வலது கையை உரல் விளிம்பில் வைத்துப் பிடித்தார்கள். தாள் வைத்திருந்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"உலக்கை எங்கை?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். குசினிக் கதவுக்குப் பின்னால் என்று. வாய் திறக்கவில்லை. கைதான் காட்டியது.

நாலு அடி. முதல் அடியில் அவர் கத்தினார். மற்ற மூன்றுக்கும் சத்தம் உலக்கையினுடையது மட்டும்தான். வாத்தியாரை அன்று பின்னேரமே சந்தியில் சுட்டார்கள். அந்தத் தேர்தலில் யார் வென்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

என் கணவர் அதன் பிறகு பேனை பிடிக்கவில்லை. லண்டனுக்கு வந்து சாகுமட்டும் இடக்கையால்தான் சாப்பிட்டார். சைக்கிளால் விழுந்தது என்று மகளுக்குச் சொல்லி வைத்தோம். நான் கை காட்டியதை அவர் கண்டவர். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மருமகன் விழுந்த கதிரையை நிமிர்த்தினார். ஆனால் அதில் இருக்கவில்லை.

"அப்ப படிவம் வேண்டாம் மாமி," என்றார். "விடுங்கோ. ஒரு வோட்டுத்தானே."

அவரைக்காயைத் தூக்கிக் காட்டிய மனிதர் சொல்கிறார், ஒரு வோட்டுத்தானே என்று. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என் பயத்தால் ஒரு ஆண்பிள்ளையின் கை ஏற்கெனவே போயிற்று. இவருடைய குத்தின கை வீங்கிக்கொண்டு வந்தது.

"எடுங்கோ அந்தத் தாளை," என்றேன்.

பிரிண்டரில் எடுத்துத் தந்தார். கையெழுத்து வைத்தேன். இலக்கத்தை முதலில் எழுதினேன். நாற்பத்தொன்று. பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்து, இன்னொரு தாள் எடுக்க வேண்டியிருந்தது. அதிலும் எழுதினேன். அவர் வீங்கிய கையால் போனைப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு நாளில், வாக்கு ஏற்கப்பட்டது என்று இணையத்தில் விழுந்தது. ஓடிவந்து எனக்குக் காட்டினார். அங்கேயும் ஒரு பச்சைப் புள்ளி.

அவர் போட்ட ஆள் வென்றாரா தோற்றாரா என்று எழுதமாட்டேன். எழுதினால் அவர் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். நான் சாட்சி. தம்பி இன்னும் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. இறைச்சியை நாங்கள் சட்டனில்தான் வாங்குகிறோம்.

படிவம் போன அன்றைக்கே நான் இன்னொரு வேலையும் செய்தேன். எங்கள் குசினியில் இஞ்சி, உள்ளி இடிக்கிற ஒரு சின்னக் கல்லுரல் இருக்கிறது. அதன் உலக்கை என் முழங்கை நீளம்தான், ஆனால் நல்ல பாரம். அதைப் பழைய துவாயில் சுற்றி, தோட்டத்துக் கொட்டிலில், பூச்சட்டிகளுக்குப் பின்னால், மண் பைக்கு அடியில் வைத்தேன்.

தேர்தல் முடிந்து மூன்றாம் நாள் மகள் குசினி அலுமாரி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து அடித்துச் சாத்தினாள்.

"அம்மா, உலக்கை எங்கை?"

நான் கைகள் இரண்டையும் சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"தெரியாது, பிள்ளை," என்றேன்.